‘சரி’ என்றால் எந்தச் சரி? எம்என்சி டீமில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

நான் எம்என்சியில், அதாவது பன்னாட்டு நிறுவனம் ஒன்றில், சேர்ந்தபோது என் மேனேஜர் வேறொரு கண்டத்தில் இருந்தார். மூன்றாவது வாரம், வீடியோ அழைப்பில் ஓர் அறிக்கையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு வாக்கியத்தை முடிக்கும்போதும் நான் “ஓகே, ஓகே” என்றேன். தமிழில் பேசும்போது ‘ம்’ கொட்டுவோமே, அதைத்தான் ஆங்கிலத்தில் செய்துகொண்டிருந்தேன். நடுவில் அவர் “வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடும் அல்லவா?” என்று கேட்டிருக்கிறார். அதற்கும் ஓர் ஓகே. உண்மையில் அந்த வேலைக்குப் பத்து நாளாவது வேண்டும். திங்கட்கிழமை அழைத்தார். திட்டவில்லை. “நீங்கள் சரி என்றீர்களே” என்று மட்டும் கேட்டார். என் ஓகேயை நம்பி வாடிக்கையாளருக்குத் தேதியே கொடுத்துவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு பல டீம்களில், பல நாட்டவரோடு வேலை பார்த்தாகிவிட்டது. எந்த நாட்டுக்காரர் எப்படி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதால் பெரிய பலன் இல்லை என்பது என் அனுபவம். நமக்குச் சொல்லாமலே புரிவது எது, எதிரில் இருப்பவருக்குச் சொல்லாமலே புரிவது எது என்று கண்டுபிடித்து, இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதற்கான வழிகளைச் சேரும் நாளிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

சேர்க்கைப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை விரித்துக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டால், ஆறு மாதம் கழித்தும் யாராவது ஒருவர் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். சம்பளத்துக்கும் விசாவுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். ஆனால் பெரும்பாலான மனிதவள மென்பொருள்களில் ‘விரும்பும் பெயர்’ என்றோ ‘திரையில் காட்டும் பெயர்’ என்றோ தனியாக ஒரு கட்டம் உண்டு. முதல் நாளே அதை மாற்றிவிடுங்கள். மெயில் முகவரி உருவான பிறகு மாற்றுவதென்றால் ஐடி பிரிவுக்கு டிக்கெட் (கோரிக்கை) போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பெயரைச் சுருக்குவது உங்கள் விருப்பம். சுருக்குவதென்றால் நீங்களே சுருக்கிக் கொடுங்கள். அவர்களிடம் விட்டால் எந்தப் பாதியை வைத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ‘ழ’ உள்ள பெயரென்றால் ஓரளவு நெருங்கி வந்தாலே பாராட்டிவிடுங்கள்.

அவர்கள் பெயருக்கும் இதே அக்கறை வேண்டும். சீனர், ஜப்பானியர், கொரியர், ஹங்கேரியர் ஆகியோர் தங்கள் மொழியில் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். ஆங்கில மெயிலில் சிலர் திருப்பிப் போடுவார்கள், சிலர் அப்படியே விடுவார்கள். ஸ்பானிய மொழிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர்கள். ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் இல்லை. பெற்றோரில் ஒருவரின் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். அப்படி ஒருவர் டீமில் இருந்தால் இனிஷியல் கதையைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். மற்றபடி “உங்களை எப்படி அழைக்கட்டும்?” என்று கேட்பது யாருக்கும் தவறாகப் படாது.

‘சார்’, ‘மேடம்’ இரண்டையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். முதல் சில நாள் நாக்கு கூசும். மெயிலின் அடியில் அவர் எந்தப் பெயரைப் போடுகிறாரோ அதைச் சொல்லியே அழையுங்கள்.

2. கடிகாரம், காலண்டர், எண்கள்

வேறு ஊர்க்காரர்களோடு நேரம் குறிக்கும்போது கிழமை, தேதி, மணி, எந்த ஊர் நேரம் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘நாளை காலை’ என்பது பாதிப் பேருக்கு இன்றிரவு. ‘இன்றைக்குள்’ என்று சொல்லும் அந்த ‘இஓடி’ இன்னும் மோசம், யாருடைய ‘இன்று’ என்று சண்டையே வரும்.

கோடைக்கால நேரமாற்றம் புதியவர்களைக் கட்டாயம் ஒருமுறை கவிழ்க்கும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். ஐரோப்பாவில் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே வருடத்தில் சில வாரங்கள் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான் எல்லாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. தொடர் மீட்டிங் பெரும்பாலும் அதை உருவாக்கியவரின் ஊர் நேரத்தைப் பின்பற்றும். அதனால் ஒரு திங்கட்கிழமை உங்கள் காலண்டரில் அது தானாகவே ஒரு மணி நகர்ந்து, வேறொரு மீட்டிங் மேல் போய் உட்கார்ந்திருக்கும். மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஞாயிறு இரவு காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

வாரமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சவுதி அரேபியாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் அரசு அலுவலகங்களை சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாற்றி வெள்ளியை அரைநாளாக்கியது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் வந்து விழும் மெயிலுக்குப் பின்னால் அவசரம் எதுவும் இல்லாமல், அனுப்பியவருக்கு அது வெறும் வாரத்தின் முதல் நாளாக இருக்கலாம்.

இரவு அனுப்பிய செய்திக்கு ஐரோப்பிய சக ஊழியர் பதில் போடாவிட்டால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை நேரம் முடிந்ததும் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-இல் ஒரு படி மேலே போய், வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருக்கும் கடமையை முதலாளிமீதே வைத்தது. ஆஸ்திரேலியாவும் 2024 ஆகஸ்டில் இதே வழிக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்பது விதி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி ஒரு நாள் கூடக் கட்டாயமில்லை. இதைத் தெரிந்துகொண்டால் ஒருவர் ஆகஸ்டில் மூன்று வாரம் காணாமல் போவதும், இன்னொருவர் இரண்டு நாள் விடுப்புக்கே மன்னிப்புக் கேட்பதும் குணத்தால் மட்டும் வருவதில்லை என்று புரியும். நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் வேலை நேரத்தைக் காலண்டரில் போடுங்கள், அகால நேரத்தில் எழுதிய மெயிலை அவர்கள் காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்புங்கள்.

03/04 என்று எழுதினால் அமெரிக்கருக்கு மார்ச் 4, மற்றவர்களில் பலருக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், அல்லது ஐஎஸ்ஓ 8601 முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று போடுங்கள். ஜெர்மானியர் 1.500 என்று எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறு. அவர்கள் மொழியில் ‘பில்லியன்’ என்பது லட்சம் கோடி; ஆங்கிலத்தில் நூறு கோடி. லட்சம், கோடி என்ற சொற்களைத் தெற்காசியாவுக்கு வெளியே பலர் அறிய மாட்டார்கள். அளவுகளை ஊகத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1999 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போன நாசாவின் சுற்றுக்கலம் உதாரணம். ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு அளவில் எண்களைக் கொடுத்தது, மறுதரப்பு அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. கலம் போனது போனதுதான்.

3. முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

எம்என்சியில் பலருக்கு இரண்டு மேனேஜர்கள். நிறுவன வரைபடத்தில் ஒருவருக்கு நேர்கோடு (நேரடி மேனேஜர்), இன்னொருவருக்குப் புள்ளிக்கோடு (கூடுதலாகப் பதில் சொல்ல வேண்டியவர்). முதல் ஒன்-ஆன்-ஒன் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: என் வேலைகளில் எது முதலில் என்று சொல்வது யார்? நீங்கள் இருவரும் வேறு வேறு சொன்னால் நான் யாரிடம் போக வேண்டும்? யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்யலாம் என்பவை எவை? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் அந்த டீமின் குணம் தெரியும்.

அப்புறம், முடிவு எந்த அறையில் உருவாகிறது என்று கவனியுங்கள். ஒருமுறை ஜப்பானிய டீம் இருந்த மீட்டிங்கில் ஒரு யோசனையை நேரடியாகப் போட்டு உடைத்தேன். நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். “ஆராய்ந்து பார்க்கிறோம்” என்றார்கள். அதோடு சரி. பிறகுதான் ஒரு சக ஊழியர் ‘நெமவாஷி’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டி அதைத் தயார்ப்படுத்துவது அதன் மூலப் பொருள். மீட்டிங்குக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, தயக்கங்களைக் கேட்டு, திட்டத்தைத் திருத்திக்கொண்டு வர வேண்டும். அடுத்த முறை மூன்று பேரிடம் தனித்தனியே அரை மணி நேரம் பேசினேன். மீட்டிங் எட்டு நிமிடத்தில் முடிந்தது. முடிவு அங்கே அறிவிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான டீம்களும் உண்டு. அமெரிக்க டீம்கள் பலவற்றில் மீட்டிங்கிலேயே சூடாக வாதிட்டு, அங்கேயே முடிவெடுத்து, அடுத்த வாரம் புதுத் தகவல் வந்தால் கூச்சமில்லாமல் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சு மாறுகிறார்கள் என்று தோன்றும். அவர்களுக்கு ‘முடிவு’ என்றால் இப்போதைக்கு இப்படி என்று பொருள்.

மேலதிகாரிகளோடு பழகுவதிலும் இந்த வேறுபாடு உண்டு. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் பல நாடுகளில் நடத்திய கருத்தாய்விலிருந்து ‘அதிகார இடைவெளி’ என்ற அளவுகோல் வந்தது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள அதிகார வித்தியாசத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று காட்டுவது அது. அதில் டென்மார்க் கீழே, மலேசியா மேலே. ஆனால் அது நாட்டுச் சராசரி. உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் டேனிஷ்காரர் கண்டிப்பான ஆளாக இருக்கலாம். சராசரியோடு யாரும் மீட்டிங்குக்கு வருவதில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம் மட்டும் மனதில் வையுங்கள்: மெயிலின் நகல் போகும் ‘சிசி’ கட்டம். சில டீம்களில் ஒருவருடைய மேனேஜரை சிசியில் சேர்ப்பது வெறும் தகவல். சிலவற்றில் அது புகார் கொடுத்ததற்குச் சமம். முதல் மாதம் முடியும்வரை, அவரைக் கேட்காமல் அவருடைய மேனேஜரைச் சேர்க்காதீர்கள்.

4. ‘சரி’யைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு ‘சரி’க்குள் குறைந்தது நான்கு சரிகள் இருக்கின்றன. கேட்டேன் என்ற சரி. புரிந்தது என்ற சரி. ஒத்துக்கொள்கிறேன் என்ற சரி. இந்தத் தேதிக்குள் செய்து தருகிறேன் என்ற சரி. தமிழில் குரலை வைத்தே எது என்று கண்டுகொள்வோம். “சரி” என்பதும் “சரி... சரி...” என்பதும் “சரிப்பா” என்பதும் நமக்கு வேறு வேறு. ஆங்கிலத்தில், அதுவும் இரைச்சலான அழைப்பில், அந்தக் குரல் கடல் தாண்டாது. ஜப்பானியரின் ‘ஹாய்’ (ஆம்) பல நேரங்களில் முதல் வகைதான், நம் ‘ம்’ மாதிரி. என் மேனேஜருக்குத் தெரிந்ததோ நான்காவது வகை மட்டும்.

‘முடியாது’ என்பதற்கும் இதே கதி. “முயற்சி செய்கிறேன்”, “கொஞ்சம் கஷ்டம்” என்றால் நம் காதுக்குப் பாதி முடியாது. நெதர்லாந்துக்காரரோ ஜெர்மானியரோ அதைக் கேட்டால், கஷ்டமாக இருந்தாலும் செய்துவிடுவார் என்று எழுதிக்கொள்ள வாய்ப்பு அதிகம். மறுபக்கம், பிரிட்டிஷ்காரர் உங்கள் திட்டத்தைப் பார்த்து “இன்ட்ரஸ்டிங்” என்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். சில நேரம் அது நாசூக்கான மறுப்பு. வார்த்தையை விடச் சூழலும் உறவும் அதிகம் பேசும் வழக்கங்கள், வார்த்தையே எல்லாம் சொல்லிவிடும் வழக்கங்கள் என்று எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1976-இல் பிரித்துக் காட்டினார். நாம் பெரும்பாலும் குறிப்பறியும் பக்கம். இரு தரப்பும் குறிப்பறிபவர்களாக இருந்தால் பிரச்சினை தீரும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் குறிப்பு வேறு, அவர் படிக்கப் பழகிய குறிப்பு வேறு.

தலையாட்டலையும் நம்ப வேண்டாம். நாம் பக்கவாட்டில் ஆட்டுவது திரையில் ‘வேண்டாம்’ போலத் தெரியும். பல்கேரியாவில் மரபுப்படி மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’. வாயால் சொல்லிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. “புரிந்ததா?” என்ற கேள்வியைக் கைவிடுங்கள். அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான், புரிந்தது. பதிலாக, “முதலில் எதில் கைவைப்பீர்கள்?”, “இதில் எது இழுக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும்போதே எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். உங்களிடம் வேலை சொல்லும்போது நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: “நான் புரிந்துகொண்டது இதுதான், தவறென்றால் திருத்துங்கள்.” ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அழைப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள் ஒரு மெயில் போடுங்கள். நான் அனுப்புவது இந்த அளவுக்குத்தான்:

“இன்று பேசியதில் நான் எடுத்துக்கொண்டவை. ஒன்று: விற்பனை அறிக்கையின் முதல் வரைவை ஜூன் 12 வியாழன், லண்டன் நேரம் மாலை 4 மணிக்குள் நான் அனுப்புகிறேன். இரண்டு: அதற்கு முந்தைய காலாண்டின் எண்களை ஜூன் 9-க்குள் நீங்கள் தருகிறீர்கள், அது தாமதமானால் என் தேதியும் அத்தனை நாள் தள்ளும். மூன்று: படங்களின் வடிவம் இன்னும் முடிவாகவில்லை. ஏதாவது மாறியிருந்தால் சொல்லுங்கள்.”

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். புதியவர்கள் தங்கள் வாக்குறுதியை மட்டும் எழுதுவார்கள். அடுத்தவர் தர வேண்டியதையும், அது தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் எழுதினால்தான் அது ஒப்பந்தம். மூன்றாவது வரியில் முடிவாகாததையும் முடிவாகவில்லை என்றே எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டால் ஆளுக்கொரு முடிவை நினைத்துக்கொள்வார்கள்.

முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தால் மொட்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. முடிவது எது என்பதையும் கூடவே வையுங்கள்: “வெள்ளிக்குள் முழுதும் முடியாது. முதல் இரண்டு பகுதிகள் வெள்ளி, மீதி அடுத்த புதன். வெள்ளிக்கே முழுதும் வேண்டுமென்றால் இப்போது கையில் உள்ள வேலையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தட்டும்?” முடிவு அவர் பக்கம் போய்விட்டது, நீங்களும் மறுத்த பாவத்துக்கு ஆளாகவில்லை.

தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல்லுங்கள். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருப்பது நம்மில் நிறையப் பேருக்கு உள்ள பழக்கம். கெட்ட செய்தியை மரியாதை கருதித் தள்ளிப்போடுகிறோம். எதிர்ப்பக்கத்தில் அது மறைத்ததாகப் பதிவாகும்.

5. யாருடைய ஆங்கிலம்?

ஜப்பானிய நிறுவனமான ராகுடென் 2010-இல் அறிவித்து, 2012 முதல் ஆங்கிலத்தையே அலுவலக மொழியாக்கியது. இப்படிப்பட்ட இடங்களில் பேசப்படும் ஆங்கிலம் பெரும்பாலோருக்கு இரண்டாவது மொழி. பிரேசில்காரரும் கொரியரும் போலந்துக்காரரும் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொள்வார்கள். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் உள்ளே வந்து வேகமாக நாலு மரபுத்தொடரை எடுத்துவிட்டதும் அறை அமைதியாகும். ‘பால்பார்க்’ என்றால் தோராயக் கணக்கு, ‘டச் பேஸ்’ என்றால் ஒருமுறை பேசிக்கொள்வோம், இரண்டும் பேஸ்பாலிலிருந்து வந்தவை. புரியாவிட்டால் கேளுங்கள். நீங்கள் கேட்டதற்கு இன்னும் மூன்று பேர் மனதுக்குள் நன்றி சொல்வார்கள்.

நம் பக்கத்திலும் களை எடுக்க வேண்டும். சந்தேகம் என்பதை நினைத்து “ஐ ஹேவ் எ டவுட்” என்றால், நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்று கேட்கும். ‘கொஸ்டின்’ என்று சொல்லுங்கள். ‘டூ த நீட்ஃபுல்’ என்பதைத் தெற்காசியாவுக்கு வெளியே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எது தேவையோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘ரிவர்ட்’ என்பதை பதில் எழுதுவது என்ற பொருளில் நாம் பயன்படுத்துகிறோம். மென்பொருள் ஆட்களிடம் சொன்னால் செய்த மாற்றத்தையே பழையபடி ஆக்கிவிடுவார்கள். இந்தக் குழப்பம் நம் சொத்து மட்டுமல்ல. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வோம் என்றால் பிரிட்டிஷ்காரருக்கு இப்போது விவாதிப்போம், அமெரிக்கருக்கு இப்போது வேண்டாம். ஒரே மொழிக்குள்ளேயே இந்தக் கூத்து.

உச்சரிப்பை மாற்றிக்கொள்ள மெனக்கெட வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், பெயர்களையும் எண்களையும் சாட்டில் தட்டிவிடுங்கள். அது போதும். எழுத்தில் நகைச்சுவையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், கிண்டல்தான் மொழி மாறும்போது முதலில் செத்துப்போவது.

6. மீட்டிங்கில் வாய் திறப்பது

பலருக்கு இதுதான் பெரிய மலை. சில நாட்டவர் ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார்கள். சிலர் முடிந்த பிறகு மூன்று நான்கு நொடி மௌனம் விடுவார்கள், அது யோசிக்கிற மரியாதை. இரண்டு வகையும் ஒரே அழைப்பில் இருந்தால் முதல் வகையினர் மட்டுமே பேசுவார்கள். இடைவெளிக்காகக் காத்திருந்தால் மீட்டிங் முடிந்துவிடும்.

என் வழி இது. மீட்டிங்குக்கு முன்பே நடத்துபவருக்கு ஒரு வரி: “இரண்டாவது விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, என்னை அழையுங்கள்.” கை உயர்த்தும் பொத்தானைக் கூசாமல் பயன்படுத்துங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு சின்ன விஷயமாவது பேசிவிடுங்கள். ஒருமுறை குரல் வெளியே வந்துவிட்டால் அடுத்த முறை எளிது. தினசரி ஸ்டாண்ட்-அப், அதாவது டீம் தினமும் கூடும் சிறு மீட்டிங், 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டியது. நேற்று எது முடிந்தது, இன்று எது, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற மூன்றுக்கு மேல் போகாதீர்கள். மூன்றாவதை விழுங்காதீர்கள்.

மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நீங்கள் நடத்தும் மீட்டிங்கென்றால், கேள்வியை முந்தின நாளே எழுத்தில் அனுப்பி, பேசாதவர்களிடம் பிறகு தனியாகக் கேளுங்கள்.

இரவு பத்து மணி மீட்டிங் எப்போதும் ஒரே ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தால், நேரத்தைச் சுழற்சியில் வைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது நியாயமானதுதான். கேட்காதவரை மற்ற ஊர்க்காரர்களுக்கு நினைவே வராது; அவர்களுக்கு அது மதியம்.

7. நம் ஆட்கள், நம் மொழி

டீமில் இன்னொரு தமிழர் இருந்தால் மனதுக்கு எவ்வளவு தெம்பு! இருவர் மட்டும் இருக்கும்போது தமிழில் பேசுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றாமவர் வந்து நின்றதும் பேச்சை மாற்றிவிடுங்கள். அவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைப்பார். நீங்கள் நினைக்க மாட்டீர்களா? டீமின் குரூப் சாட்டில் தமிழே வேண்டாம். வேலை முடிவுகளைத் தமிழில் எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் அறிவிப்பது அதைவிட மோசம். நாம் மட்டும் இதைச் செய்வதில்லை. ஒரு டீமில் ஐந்து பேர் தங்கள் மொழிக்கு மாறிவிட்டார்கள். நானும் இன்னொருவரும் இருபது நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் கற்ற வாக்கியத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்: “கடைசி ஐந்து நிமிடம் எனக்குத் தவறிவிட்டது, சுருக்கமாக ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா?” குற்றம் சாட்டாத வாக்கியம், வேலை நடக்கும்.

8. குறை கேட்பது, குறை சொல்வது

முதல் மதிப்பீட்டில் சிலருக்கு அதிர்ச்சி வரும். ஒருவர் மூன்று பாராட்டுக்கு நடுவில் குறையை ஒளித்து வைப்பார். பாராட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவோம். இன்னொருவர் “இது நன்றாக இல்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் சிரித்துப் பேசுவார். நாம் இரண்டு நாள் தூங்க மாட்டோம். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “அடுத்த மாதம் நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வதென்றால் எதை மாற்றட்டும்?” ஒளித்தது வெளியே வரும், நேரடியாகச் சொன்னதன் அளவும் தெரியும். நீங்கள் குறை சொல்ல வேண்டியிருந்தால் பொதுவில் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். அது எந்த நாட்டிலும் செல்லும்.

ஆனால் எல்லாவற்றையும் ‘கலாசார வித்தியாசம்’ என்ற மூட்டையில் போட்டுக் கட்டிவிடாதீர்கள். உங்கள் உச்சரிப்பைத் திரும்பத் திரும்பக் கேலி செய்வது, உங்கள் யோசனையைத் தொடர்ந்து வேறொருவர் பெயரில் போடுவது, நிறத்தையோ மதத்தையோ பாலினத்தையோ வைத்து ஜோக் அடிப்பது, இவை கலாசாரம் அல்ல. முடிந்தால் ஒருமுறை நேரில் சொல்லிப் பாருங்கள். நிற்காவிட்டால் தேதி, சொன்ன வார்த்தை, யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்து மனிதவளப் பிரிவுக்கோ, நிறுவனத்தின் நெறிமுறைப் புகார் எண்ணுக்கோ போங்கள். பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் அப்படியொரு வழி இருக்கும். சேர்ந்த வாரமே அது எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும் நாளில் தேடும் மனநிலை இருக்காது.

9. கிளம்பும் முன் ஹேண்டோவர்

உங்கள் மாலை இன்னொருவரின் காலை. நீங்கள் விட்ட இடத்திலிருந்து அவர் எடுக்கப் போகிறார். அவருக்கு எழுதும் ஹேண்டோவர் நோட் அரைகுறையாக இருந்தால், அவருடைய ஒரு நாள் முழுக்க உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பதிலேயே போய்விடும். நீங்கள் தூங்கி எழுந்து பதில் போடுவீர்கள், அதற்குள் அவர் கிளம்பியிருப்பார். ஒரு சின்னக் கேள்விக்கு இரண்டு நாள்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, பாதியில் நிற்பதற்கு என்ன காரணம், நான் ஏற்கெனவே முயன்று தோற்றவை எவை, நான் இல்லாதபோது நீங்களே முடிவெடுக்கலாம் என்பவை எவை, யாரை எழுப்பலாம் என்று எழுதுங்கள். தோற்றவற்றை எழுதக் கூச்சமாக இருக்கும், ஆனால் அவர் அதையே மறுபடி செய்து பார்க்காமல் இருக்க அதுதான் உதவும். கோப்புகளின் பகிர்வு அமைப்பைத் திறந்து, அவருக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். நடு இரவில் அனுமதி கேட்டு வரும் மெயில்களில் பாதி இந்த ஒரு நிமிடச் சோம்பலால் வருபவை.

கடைசி வரியாக நான் இன்றும் ஒரு கேள்வியைப் போடுகிறேன்: “இதில் எது தெளிவாக இல்லை?” முதல் சில வாரம் “எல்லாம் ஓகே” என்றுதான் பதில் வரும். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ யாராவது ஒருவர், மூன்றாவது வரி புரியவில்லை என்று எழுதுவார். அவருக்கு அன்றே நன்றி சொல்லிப் பதில் போடுங்கள்.